தண்டர்பேர்ட்: பழுது பார்க்கிறவர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

மெயில் மென்பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் தோற்றம், வேகம், காலண்டர் வசதி இவற்றைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். என் வேலை வேறு மாதிரி. கோயம்புத்தூரில் சின்னச் சின்ன நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பம்ப் உதிரிபாகம் வார்க்கும் ஃபவுண்டரி, சில லேத் பட்டறைகள், ஒரு ஆடிட்டர் அலுவலகம், மில் ஸ்பேர்ஸ் விற்கும் ஏஜென்சி. இன்பாக்ஸ் திறக்காதபோதும் மெயில் காணாமல் போனபோதும்தான் எனக்கு போன் வரும். அதனால், மெயிலைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்துப் படிக்க உதவும் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளை நான் ஒரே கேள்வியை வைத்து அளக்கிறேன்: மெயில் ஃபைல் கெட்டுப்போனால் உள்ளே இருப்பதைத் திரும்ப எடுக்க முடிகிறதா?

முடிகிறது. அநேகமாக எப்போதும் முடிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பல அலுவலகங்களில் இதை நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது எப்படி முடிகிறது, எங்கே இன்னும் குறை இருக்கிறது என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரிலேயே மெயிலை இறக்கி வைத்துக்கொள்வது யார் என்று கேட்கலாம். நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்பெனி பெயரில் டொமைன் வாங்கி, குறைந்த விலை ஹோஸ்டிங்கில் மெயில் வைத்திருப்பவர்களுக்கு சர்வரில் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். ஒரு காஸ்டிங் டிராயிங்கும் நாலு போட்டோவும் ஒரே மெயிலில் வந்தால் 15 எம்பி போய்விடும். ஆகவே பாப் முறையில் மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரில் இருந்து அழித்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த மெயிலுக்கு உலகத்தில் ஒரே பிரதிதான், அந்த மேஜைக்கடியில் இருக்கும் ஹார்ட் டிஸ்கில். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் ஆதாரமான பர்ச்சேஸ் ஆர்டரும், விலை பேசிய கடிதமும், டிராயிங் திருத்தமும் இன்று காகிதத்தில் இல்லை, இன்பாக்ஸில் இருக்கின்றன. அந்த ஃபைல் போனால் ஒரு நிறுவனத்தின் நினைவே போனதுபோல.

சரி, அந்த ஃபைல் எங்கே இருக்கிறது? தண்டர்பேர்டில் ஹெல்ப் மெனுவுக்குள் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் ‘ப்ரொஃபைல் ஃபோல்டர்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘ஓபன் ஃபோல்டர்’ பொத்தான். அதை அமுக்கினால் எல்லாம் அங்கே. பாப் மெயில் ‘மெயில்’ என்ற ஃபோல்டரில், ஐமேப் மெயில் (மெயிலை சர்வரிலேயே வைத்துக்கொண்டு படிக்கும் முறை) ‘ஐமேப்மெயில்’ என்ற ஃபோல்டரில். உள்ளே போனால் ‘இன்பாக்ஸ்’ என்று எந்த வால்பெயரும் இல்லாத ஒரு ஃபைல் இருக்கும். பக்கத்திலேயே ‘இன்பாக்ஸ் டாட் எம்எஸ்எஃப்’ என்று இன்னொன்று. முதலாவதுதான் மெயில். இரண்டாவது வெறும் இண்டெக்ஸ், எந்த மெயில் அந்த ஃபைலில் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பட்டியல். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிப் பழுதை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். எது எது என்று குழம்பினால் சைஸைப் பாருங்கள். ஜிபி கணக்கில் கனமாக இருப்பது மெயில். சில எம்பியோடு நிற்பது இண்டெக்ஸ்.

அந்தக் கனமான ஃபைலைத்தான் எம்பாக்ஸ் என்கிறார்கள். யூனிக்ஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் காலத்து முறை. 2005-ல் வந்த ஆர்எஃப்சி 4155 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே இது புழக்கத்தில் இருந்தது. உள்ளே எந்த மர்மமும் இல்லை. எல்லா மெயிலும் ஒன்றன்பின் ஒன்றாக, சாதாரண எழுத்தாக, ஒரே நீள ஃபைலில் இருக்கின்றன. ஒவ்வொரு மெயிலும் ‘ஃப்ரம்’ என்ற சொல்லும் ஒரு இடைவெளியும் கொண்ட வரியோடு தொடங்கும். அந்த வரியைக் கண்டால் புது மெயில் ஆரம்பம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் இலக்கணம். ஒரு நோட்பேட் மாதிரி எடிட்டரில் திறந்தால் அனுப்பியவர், பெறுபவர், தேதி எல்லாம் கண்ணுக்கே தெரியும். ஃபைலின் நடுவில் ஓரிடம் கெட்டுப்போயிருந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள மெயில்கள் அப்படியே நிற்கும். நான் தண்டர்பேர்டை நம்புவதற்கு அடிப்படை இதுதான்.

அடிக்கடி வரும் பழுது இண்டெக்ஸ் கெடுவது. ஃபவுண்டரியில் ஸ்டோர்ஸ் பார்க்கும் அண்ணன் ஒருநாள் போன் செய்தார். “அம்மிணி, ஒரு மெயிலைத் திறந்தா வேற மெயில் வருது. அதுக்கு மேல பாதி லைன் காலியாவே கெடக்குது. கம்பெனி பேரையே நாறடிச்சிரும் போல இருக்குது.” “சிஸ்டத்தை அப்படியே விடுங்கண்ணா, எதையும் அமுக்காதீங்க, நான் வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனேன். முந்தின நாள் மதியம் கரண்ட் போய் வந்திருக்கிறது, அந்த நேரத்தில் மெயில் இறங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. ஃபைலில் மெயில் இருக்கும் இடம் ஒன்று, இண்டெக்ஸ் குறித்து வைத்திருக்கும் இடம் இன்னொன்று. தலைப்பு ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் வந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம்.

இதற்கு தண்டர்பேர்டிலேயே மருந்து இருக்கிறது. அந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்டீஸ்’, அதில் ‘ரிப்பேர் ஃபோல்டர்’. பழைய இண்டெக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, எம்பாக்ஸை முதலில் இருந்து கடைசிவரை படித்துப் புதிய இண்டெக்ஸ் கட்டும். தண்டர்பேர்டே திறக்கவில்லை, அல்லது திறந்தவுடன் உறைந்து நிற்கிறது என்றால், அதை மூடிவிட்டு அந்த எம்எஸ்எஃப் ஃபைலை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத் திறந்தாலும் அதே பலன். மெயிலுக்கு எந்தச் சேதமும் இல்லை. மெயிலுக்கு நாம் போட்டிருக்கும் டேக் என்ற அடையாளக் குறிகூட அந்த மெயிலின் தலைப்பு வரிகளிலேயே எழுதப்பட்டிருப்பதால் தப்பித்துவிடும். எந்த நெடுவரிசை எங்கே இருக்க வேண்டும் என்று வைத்திருந்த அமைப்புதான் போகும்.

இங்கே என் முதல் குறை. ‘ரிப்பேர் ஃபோல்டர்’ அமுக்கிய பிறகு என்ன நடக்கிறது என்று அது சரியாகச் சொல்வதில்லை. 6 ஜிபி இன்பாக்ஸ் என்றால் பழைய ஹார்ட் டிஸ்கில் நிறைய நேரம் ஆகும். கீழே ஓரத்தில் சின்னதாக ஒரு வரி ஓடும், அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து ஜனங்கள் மறுபடி மறுபடி அமுக்குகிறார்கள், இல்லாவிட்டால் மூடிவிட்டுத் திறக்கிறார்கள். எத்தனை மெயில் படித்தாயிற்று, எத்தனை பாக்கி, எத்தனை சிக்கலாக இருந்தது என்று ஒரு பெட்டியில் காட்டினால் எவ்வளவு நிம்மதி! இரண்டாவது குறை, வேலையைத் தொடங்கும் முன் அது எதையும் பேக்கப் எடுப்பதில்லை. இண்டெக்ஸை மட்டும் தொடுவதால் எடுக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதமாக இருக்கலாம். கெட்டுப்போன டிஸ்கில் எதைத் தொட்டாலும் ஆபத்துதான் என்பது என் அனுபவம். ஆகவே நான் எங்கே போனாலும் முதல் வேலை, தண்டர்பேர்டை மூடி, ப்ரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்கில் காப்பி எடுப்பது.

ஐமேப் கணக்கில் ‘ரிப்பேர்’ போட்டால் கதை வேறு. சர்வரில் இருந்து தலைப்புகளை எல்லாம் மறுபடி இறக்கத் தொடங்கும். சர்வரில் மெயில் பத்திரமாக இருப்பதால் பயமில்லை, நேரமும் டேட்டாவும்தான் செலவு.

அடுத்தது அழித்த மெயில் விஷயம். தண்டர்பேர்ட் தரும் பெரிய வரம் இங்கேதான் இருக்கிறது, நிறையப் பேருக்கு அது தெரியாது. ஒரு மெயிலை டெலிட் செய்தால், அந்த மெயில் ட்ராஷ் ஃபைலுக்குப் பிரதி எடுக்கப்படும். இன்பாக்ஸ் ஃபைலில் இருந்த மூலம் அந்த நிமிடமே அழியாது. அதன் தலையில் ‘எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வரி இருக்கும், நாலு இலக்கத்தில் ஒரு எண்ணோடு. படித்த மெயில் என்றால் 0001. அழித்ததற்கு அடையாளமான 8-ஐ அதோடு கூட்டி 0009 என்று மாற்றிவிட்டு, பட்டியலில் இருந்து மறைத்துவிடும். படித்து, பதிலும் போட்ட மெயில் என்றால் 0003, அதை அழித்தால் 000பி (3-ம் 8-ம் சேர்ந்தால் 11, இந்த எண் முறையில் 11-ஐ ‘பி’ என்ற ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள்). ட்ராஷைக் காலி செய்தாலும் இன்பாக்ஸ் ஃபைலுக்குள் அந்த மெயில் படுத்துக்கொண்டுதான் இருக்கும். ‘காம்பாக்ட்’ என்ற சுத்தம் செய்யும் வேலை நடக்கும் வரைக்கும்.

ஆடிட்டர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு வாடிக்கையாளரின் மெயில்கள் அத்தனையையும் அழித்து, ட்ராஷையும் காலி செய்துவிட்டான். வேண்டாத ஒரு மெயில் என்று நினைத்து, தொடர் முழுவதையும் தேர்ந்தெடுத்து டெலிட் அமுக்கியிருக்கிறான். பாவம், முகம் வெளுத்துப்போய் நின்றான். அதில் வருமான வரித்துறை நோட்டீஸுக்கு வாடிக்கையாளர் அனுப்பிய விளக்கங்கள் இருந்தன. நல்லவேளை, சிஸ்டத்தைத் தொடாமல் உடனே சொல்லிவிட்டான். தண்டர்பேர்டை மூடினோம். இன்பாக்ஸ் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்தோம். அந்தக் காப்பியைப் பெரிய ஃபைல்களைத் திறக்கக்கூடிய எடிட்டரில் திறந்து, ஸ்டேட்டஸ் வரியில் 0009 என்று இருந்ததை எல்லாம் 0001 ஆகவும், 000பி என்று இருந்ததை 0003 ஆகவும் மாற்றினோம். பிறகு அதற்கு வேறு பெயர் வைத்து, எந்த மெயில் கணக்கையும் சேராத ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ உள்ள இடத்தில் போட்டுத் திறந்தோம். அழித்த மெயில் எல்லாம் வந்துவிட்டது. கூடவே, அந்த இன்பாக்ஸில் முன்பு அழித்த விளம்பர மெயில்களும் வந்தன. அவற்றை உட்கார்ந்து களைய வேண்டியிருந்தது, பரவாயில்லை. ஆடிட்டர் சார் அந்தத் தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை, “உடனே சொன்னியே, அதுதான் வேலையைக் காப்பாத்துச்சு” என்றார்.

இப்படி எண்ணை மாற்றும்போது எழுத்துக்கு எழுத்து அதே நீளத்தில் மாற்ற வேண்டும். வேறு ஒரு எழுத்தையும் தொடக் கூடாது. என்கோடிங்கை, அதாவது எழுத்துக்களைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறையை, மாற்றிச் சேமிக்கும் எடிட்டராக இருந்தால் தமிழ் மெயில் எல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். பல ஜிபி ஃபைலைத் திறக்க விண்டோஸின் சாதாரண நோட்பேட் ஆகாது. நான் லினக்ஸ் போட்ட லேப்டாப்பை எடுத்துப்போய் அதில், ஃபைலை எடிட்டரில் திறக்காமலே எழுத்தை மாற்றும் ‘செட்’ என்ற கட்டளையால் மாற்றுகிறேன்.

தமிழ் என்றதும் இன்னொன்று. காணாமல் போன மெயிலை எம்பாக்ஸுக்குள் தேடும்போது, மெயிலில் இருந்த தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பல மெயில் சேவைகள் தமிழை பேஸ்64 ஆக்கித்தான் அனுப்புகின்றன. வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இன்னொரு முறையான கோட்டட்-பிரிண்டபிளில், தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் 3 குறி, ஆக 9 குறியாக நீளும். ‘=இ0=ஏஇ’ என்றோ ‘=இ0=ஏஎஃப்’ என்றோ ஆங்கில எழுத்தில் தொடங்கும் நீள நீளமான வரிகளைப் பார்த்தால் அது தமிழ் மெயில் என்று புரிந்துகொள்ளுங்கள், கெட்டுப்போன மெயில் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். தேட வேண்டியது தேதியையும் அனுப்பியவரின் முகவரியையும். இவை இரண்டும் எப்போதும் சாதாரண எழுத்தில்தான் இருக்கும்.

மேலே சொன்ன மீட்பு எல்லாவற்றுக்கும் எமன் ‘காம்பாக்ட்’. அழித்ததாகக் குறித்த மெயில்களை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் புதிய ஃபைலுக்கு எழுதி, பழையதன் இடத்தில் வைப்பது அதன் வேலை. தேவையான வேலைதான், நான் மறுக்கவில்லை. செய்யாவிட்டால் பார்வைக்கு நூறு மெயில் இருக்கிற ஃபோல்டர் டிஸ்கில் பல ஜிபி பிடித்துக்கொண்டு நிற்கும். இவ்வளவு எம்பி மிச்சமாகும் என்றால் காம்பாக்ட் செய் என்று அமைப்புகளில் நாமே ஒரு அளவைக் கொடுக்கலாம். கேட்காமல் தானாகச் செய்யாதே என்றும் சொல்லி வைக்கலாம். நான் எல்லா இடத்திலும் கேட்டுவிட்டுச் செய்யும்படிதான் வைக்கிறேன். அழித்ததை மீட்க ஒரு அவகாசம் வேண்டும் அல்லவா?

புதிய ஃபைல் எழுதுவதால், 6 ஜிபி ஃபோல்டரைக் காம்பாக்ட் செய்ய டிஸ்கில் ஏறக்குறைய அந்த அளவு காலி இடம் வேண்டும். சி டிரைவில் சிவப்புக் கோடு விழுந்த பிறகு இடம் மிச்சம் பண்ணலாம் என்று காம்பாக்ட் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நடுவில் கரண்ட் போனாலோ இடம் தீர்ந்தாலோ ‘என்எஸ்டிஎம்பி’ என்ற பெயரில் அரைகுறை ஃபைல்கள் ஃபோல்டர் பட்டியலிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம். முதலில் அசல் ஃபோல்டரில் மெயில் முழுதாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால் தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த என்எஸ்டிஎம்பி ஃபைல்களை அழித்துவிடலாம். இல்லாவிட்டால் அவற்றுக்குள் மெயில் இருக்கக்கூடும், அழிக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். பட்டறைகளுக்கு நான் சொல்வது, தண்டர்பேர்ட் ஓடும் சிஸ்டத்துக்கு யூபிஎஸ் கண்டிப்பாக வேண்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினாலே சில கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

நான் பார்த்ததிலேயே மனதைக் கலக்கிய பழுது ஆன்டிவைரஸால் வந்தது. எந்த ஆன்டிவைரஸ் என்பது முக்கியமில்லை. மில் ஸ்பேர்ஸ் ஏஜென்சியின் இன்பாக்ஸுக்குள் பொய் இன்வாய்ஸ் ஒன்று வந்திருக்கிறது, இணைப்பில் வைரஸ். ஆன்டிவைரஸைப் பொறுத்தவரை இன்பாக்ஸ் என்பது ஒரு ஃபைல். அதற்குள் வைரஸ் இருக்கிறது. ஆகவே ஃபைலையே தூக்கிக் குவாரண்டைனில், அதாவது சந்தேக ஃபைல்களைப் பூட்டி வைக்கும் இடத்தில், போட்டுவிட்டது. பல வருட மெயில் ஒரே நொடியில் போயிற்று. காலையில் வந்து திறந்தால் இன்பாக்ஸ் காலி. அதற்குள் புதிய மெயில்கள் இறங்க ஆரம்பித்து, தண்டர்பேர்ட் புதிதாக ஒரு இன்பாக்ஸ் ஃபைலை உருவாக்கிக்கொண்டது.

குவாரண்டைனில் இருந்து ‘ரீஸ்டோர்’ போடலாம் என்று உரிமையாளர் கையை எடுத்துக்கொண்டு போனார். “கொஞ்சம் பொறுங்க சார்” என்று தடுத்தேன். ரீஸ்டோர் செய்தால் பழைய இன்பாக்ஸ் அதே பெயரில், அதே இடத்தில் வந்து விழும். காலையில் வந்த புதிய மெயில்களின் கதி என்ன? ஆகவே தண்டர்பேர்டை மூடி, புதிய இன்பாக்ஸை வேறு பெயரில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு ரீஸ்டோர் செய்தோம். மீண்ட பழைய ஃபைலுக்கு ‘பழைய இன்பாக்ஸ்’ என்று பெயர் மாற்றி லோக்கல் ஃபோல்டர்ஸ் இருக்கும் இடத்தில் வைத்தோம், புதியதை அதன் இடத்துக்கே அனுப்பினோம். தண்டர்பேர்டைத் திறந்ததும் ‘பழைய இன்பாக்ஸ்’ ஒரு ஃபோல்டராக இடப்பக்கம் தானே முளைத்தது. அந்த இன்வாய்ஸ் மெயிலை இணைப்பைத் தொடாமல் அழித்து, அந்த ஃபோல்டரை மட்டும் காம்பாக்ட் செய்தோம். அதைச் செய்யாவிட்டால் வைரஸ் ஃபைலுக்குள்ளேயே இருக்கும், நாளைக்கு மறுபடி அதே கதை.

எந்த எம்பாக்ஸ் ஃபைலையும் அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தால் ஃபோல்டராக வந்துவிடும் என்ற இந்த எளிமையை நான் மனதார மெச்சுகிறேன். இம்போர்ட் விசார்ட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். துணை ஃபோல்டர்கள் மட்டும் ‘எஸ்பிடி’ என்ற வால்பெயர் கொண்ட டைரக்டரிக்குள் இருக்கும், அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். நிறைய ஃபோல்டர்களை ஒரே நேரத்தில் கொண்டுவர ‘இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி’ என்ற ஆட்-ஆன் உதவும்.

ஆன்டிவைரஸ் தொல்லைக்கு தண்டர்பேர்ட் அமைப்புகளிலேயே ஒரு தடுப்பு இருக்கிறது. பிரைவசி பகுதியில், வரும் மெயிலை ஒவ்வொன்றாக ஆன்டிவைரஸ் பிடித்துக்கொள்ள அனுமதி என்று ஒரு டிக். அதைப் போட்டால் ஒவ்வொரு மெயிலும் முதலில் தனித் தற்காலிக ஃபைலாக இறங்கும், ஆன்டிவைரஸ் பார்த்த பிறகே இன்பாக்ஸில் சேரும். கெட்ட மெயில் மட்டும் போகும், இன்பாக்ஸ் நிற்கும். இந்த டிக்கைப் போட்டுவிட்டு, ஆன்டிவைரஸிலும் ப்ரொஃபைல் ஃபோல்டருக்கு விலக்குக் கொடுத்துவிடுங்கள்.

மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை முடியாது. நான் பார்க்கும் அலுவலகங்களில் பாதி அதில்தான் இருக்கின்றன. அவுட்லுக், பாப் கணக்கின் மெயில், காலண்டர், தொடர்புகள் எல்லாவற்றையும் பிஎஸ்டி என்ற ஒரே ஃபைலில் வைக்கும். எடிட்டரில் திறந்தால் முதல் நாலு எழுத்து மட்டும் படிக்கக் கூடியதாக இருக்கும், அப்புறம் எல்லாம் புரியாத பைட்டுகள். 2002 வரைக்குமான பதிப்புகளில் பிஎஸ்டி 2 ஜிபியைத் தாண்ட முடியாது. தாண்ட முயன்றால் திறக்கவே திறக்காது. 2003-ல் புதிய வடிவம் வந்தது, 20 ஜிபி வரை வைத்தார்கள். 2010-ல் இருந்து 50 ஜிபி. 2010-ல் மைக்ரோசாஃப்ட் அந்த வடிவத்தின் விவரத்தை வெளிப்படையாக வெளியிட்டது, அது நல்ல காரியம். லினக்ஸில் ‘ரீட்பிஎஸ்டி’ என்ற கருவியால் பிஎஸ்டியை எம்பாக்ஸாக மாற்றலாம். அவுட்லுக்கை விட்டு தண்டர்பேர்டுக்கு வருகிறவர்களுக்கு நான் அப்படித்தான் செய்து கொடுக்கிறேன்.

பழுது பார்க்க அவுட்லுக்கோடு ‘ஸ்கேன்பிஎஸ்டி’ என்ற கருவி வரும். ஆபீஸ் இன்ஸ்டால் ஆன ஃபோல்டருக்குள் போய்த் தேடி எடுக்க வேண்டும். அதை நான் மதிக்கிறேன். சரிசெய்யும் முன் பேக்கப் எடுக்கட்டுமா என்று அதுவே கேட்கிறது. சோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டுகிறது. இடம் தெரியாமல் போன மெயில்களை ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற ஃபோல்டரில் போட்டுத் தருகிறது. சில நேரம் பிழை தீரும் வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். தண்டர்பேர்ட் கற்றுக்கொள்ள வேண்டியவை இவை. ஆனால் ஸ்கேன்பிஎஸ்டி கைவிட்டால் அடுத்து நம் கையில் ஒன்றும் இல்லை, காசு கொடுத்து வாங்கும் மீட்பு மென்பொருளைத்தான் தேட வேண்டும். எம்பாக்ஸ் அப்படியில்லை. கருவி கைவிட்டாலும் கண்ணும் எடிட்டரும் மிச்சம் இருக்கின்றன.

எம்பாக்ஸுக்கே உரிய ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மெயிலின் உள்ளடக்கத்தில் ஒரு வரி ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லோடும் இடைவெளியோடும் தொடங்கினால், அது அடுத்த மெயிலின் தொடக்கமாகத் தோன்றிவிடும். அதனால்தான் எழுதும்போதே அந்த வரிக்கு முன்னால் ஒரு ‘>’ குறியைச் சேர்ப்பார்கள். வேறு மென்பொருளில் இருந்து வந்த பழைய ஃபைல்களில் அது சேர்க்கப்படாமல் இருக்கும். ஒரே மெயில் இரண்டாகப் பிளந்து, இரண்டாம் பாதி அனுப்பியவர் பெயரில்லாமல், தேதி இல்லாமல் தனியாக நின்றால் அந்தக் குறியைப் போட்டு இண்டெக்ஸைப் புதுப்பியுங்கள், சேர்ந்துவிடும்.

ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல் என்று வைக்கும் மெயில்டிர் முறையும் தண்டர்பேர்டில் உண்டு, புதிய கணக்கு சேர்க்கும் முன் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. விண்டோஸில் லட்சக்கணக்கான குட்டி ஃபைல்களை ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பதும், பேக்கப் மணிக்கணக்கில் இழுப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. எம்பாக்ஸையே வைத்துக்கொண்டு, ஃபைல் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வது மேல். அதற்கு நல்ல வழி ஆர்க்கைவ் வசதி. மெயிலைத் தேர்ந்தெடுத்து ‘ஏ’ விசையைத் தட்டினால் அந்தந்த ஆண்டின் ஃபோல்டருக்குப் போய்விடும். ஆண்டுக்கு ஒரு எம்பாக்ஸ். 2019-ம் ஆண்டு ஃபைலை யாரும் தொடப்போவதில்லை, தொடாத ஃபைல் கெடுவதும் அபூர்வம். தினமும் எழுதப்படும் இன்பாக்ஸ் சின்னதாக இருக்கும். ஃபவுண்டரியில் இப்படிப் பிரித்து வைத்த பிறகு ரிப்பேர் போட்டாலும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

தேடலில் மெயில் வரவில்லை, ஆனால் ஃபோல்டரில் இருக்கிறது என்றால் அது வேறு ஃபைல். ப்ரொஃபைலில் ‘குளோபல்-மெசேஜஸ்-டிபி’ என்று ஒன்று இருக்கும். தண்டர்பேர்டை மூடி அதை அழித்துவிட்டுத் திறந்தால் தேடல் இண்டெக்ஸ் புதிதாக உருவாகும்.

பேக்கப் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. டூல்ஸ் மெனுவில் இருக்கும் எக்ஸ்போர்ட், 2 ஜிபிக்கு மேற்பட்ட ப்ரொஃபைலுக்கு உதவாது, கையால் காப்பி எடுக்கத்தான் வேண்டும். அப்படி எடுக்கும் பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கோ என்டிஎஃப்எஸ்ஸுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். ப்ரொஃபைலை கிளவுட் ஃபோல்டருக்குள் வைத்து இரண்டு கம்ப்யூட்டரில் இருந்து திறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தண்டர்பேர்ட் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை அது பாதியில் இழுத்துப்போகும்.

தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. 2012-ல், இதை உருவாக்கிய மொசில்லா இதற்கான வேலையைக் குறைத்துக்கொண்டபோது, இனி எத்தனை நாள் என்று கவலையாக இருந்தது. 2020-ல் எம்இசட்எல்ஏ டெக்னாலஜிஸ் என்ற தனி நிறுவனத்தின் கீழ் வந்தது, பயனர்களின் நன்கொடையில் நடக்கிறது. 2023-ல் தோற்றத்தையே மாற்றி 115-ம் பதிப்பு வந்தபோது வயதானவர்கள் சிலர் என்னிடம் குறைப்பட்டார்கள், பட்டன்களைத் தேட வேண்டியிருக்கிறது என்று. தோற்றம் எத்தனை மாறினாலும் அடியில் அதே எம்பாக்ஸ். 2004-ல் எழுதிய ஃபைலை இன்றைய பதிப்பு திறக்கிறது. எனக்கு அது போதும்.

சர்வரிலேயே எல்லாம் வைத்து, காலண்டரைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை, அவர்கள் அவுட்லுக்கிலேயே இருக்கட்டும். பாப் மெயிலும் ஒற்றை ஹார்ட் டிஸ்கும் வைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்கு 5-க்கு 4 கொடுப்பேன். பிடித்து வைத்திருக்கும் அந்த ஒரு மதிப்பெண், ‘ரிப்பேர் ஃபோல்டர்’ பொத்தான் பேக்கப் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குகிற பதிப்பு வரும் நாளில் சேரும்.